ஆறாம் இடமும் ஒற்றை ஆட்டமும்

22 ஆட்டங்கள். 8 வெற்றி, 3 டிரா, 11 தோல்வி. மொத்தம் 27 புள்ளிகள், பட்டியலில் ஆறாம் இடம். 2023-24 ஐ.எஸ்.எல். கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்.சி. அணியின் கணக்கு இதுதான். ஆடியவற்றில் சரிபாதியைத் தோற்ற அணி. ஆனாலும் அந்த ஏப்ரல் மாதத்தில் சென்னை ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் எட்டாம் இடத்தில் முடித்த அணி, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்திருந்தது.

அந்த நுழைவைச் சாத்தியமாக்கியது ஒரு விதி மாற்றம். 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் 2021-22 சீசன் வரை பட்டியலின் முதல் நான்கு அணிகளுக்கு மட்டுமே அரையிறுதி. 2022-23இல் அது ஆறாக விரிந்தது. முதல் இரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்குப் போயின. மூன்று முதல் ஆறு வரையிலான அணிகள், பட்டியலில் மேலே இருக்கும் அணியின் சொந்த மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி, வென்றால் அரையிறுதி. பழைய விதி நீடித்திருந்தால், 27 புள்ளிகளோடு சென்னையின் சீசன் லீக் சுற்றோடு முடிந்திருக்கும். அந்த ஆண்டு நான்காம் இடத்தில் இருந்த ஒடிசாவுக்கு 39 புள்ளிகள்.

உலகம் முழுவதும் இப்போது இதே திசையில்தான் காற்று அடிக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், புரோ கபடி, ஆசியக் கோப்பை, உலகக் கோப்பை என்று எல்லா இடத்திலும் இறுதிச் சுற்றின் வாசலை அகலப்படுத்துகிறார்கள். வாசல் அகன்றால் ஆட்டத்தின் தரம் குறையும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நம்பிக்கை பரவும் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரு தரப்புமே தொலைக்காட்சியில் தெரியும் அணிகளை மட்டும் வைத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது. இதே கேள்வியைத் தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் நின்று கேட்டால் விடை வேறாக வருகிறது. சேலத்திலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது. அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவனுக்குக் கால்பந்து சீசன் என்பது என்ன, அதில் அவன் எதை எதிர்பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முன் மேல்மட்டத்தில் விரிவாக்கம் உண்மையில் என்ன செய்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஐ.எஸ்.எல்.லில் ஆறு அணி முறை நடந்தது மூன்று சீசன்கள். ஆகவே பழைய விதியில் வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஐந்தாம், ஆறாம் இட அணிகளுக்குக் கிடைத்த கூடுதல் வாய்ப்புகள் மொத்தம் ஆறு. 2022-23இல் ஐந்தாவதாக வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் பெங்களூருவிடம் தோற்றது. ஆறாவதாக வந்த ஒடிசா, ஏ.டி.கே. மோகன் பகானிடம் 2–0 என்று தோற்றது. 2023-24இல் கேரளா மீண்டும் ஐந்தாவது. கூடுதல் நேரம் வரை போராடி ஒடிசாவிடம் 2–1 என்று விழுந்தது. சென்னையின் எஃப்.சி. ஏப்ரல் 20 அன்று ஃபட்டோர்டாவில் எஃப்.சி. கோவாவிடம் 2–1 என்று தோற்று வெளியேறியது. 2024-25இல் ஆறாவதாக வந்த மும்பை சிட்டி பெங்களூருவிடம் 5–0 என்று நொறுங்கியது. ஆறில் ஒன்று மட்டும் மாறியது. அதே சீசனில் ஐந்தாவதாக வந்த ஜாம்ஷெட்பூர், நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை அதன் மண்ணிலேயே 2–0 என்று வென்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லீக் சாம்பியனான மோகன் பகானையும் 2–1 என்று வீழ்த்தியது. கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2–0 என்று தோற்று, மொத்தத்தில் 3–2 என்ற கோல் கணக்கில் வெளியேறியது.

ஆக, மூன்று ஆண்டுகளில் புதிய வாசல் வழியாக வந்த எந்த அணியும் இறுதிப் போட்டியை எட்டவில்லை. கோப்பை யாருக்குப் போனது என்பதை விரிவாக்கம் மாற்றவே இல்லை. மாற்றியது மார்ச் மாதத்தைத்தான். பட்டியலின் நடுவில் கிடக்கும் ஐந்தாறு அணிகளுக்கு லீக்கின் கடைசி ஐந்து வாரங்களில் ஆட ஒரு காரணம் கிடைத்தது. 2024 மார்ச் இறுதியில் சென்னையின் எஃப்.சி. கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை 3–2 என்று வென்றதே, அந்த வேகத்துக்குப் பின்னால் ஆறாம் இடம் என்ற இலக்கு இருந்தது. ஐந்தில் நான்கு பங்கு சீசன் முடிந்த பிறகும் இலக்கு உயிரோடு இருப்பது ஓர் அணிக்குப் பெரிய வரம். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சீசன் முழுவதும் சேர்த்த மரியாதையை ஒரே இரவில் இழக்கும் பதற்றம் வீரர்களைத் தொற்றிக்கொள்கிறது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்தது நினைவிருக்கும். விரிவாக்கப்பட்ட பிளே-ஆஃபின் முதல் ஆட்டமே அதுதான். கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துக் கோலாக்கினார். நடுவர் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களைக் களத்தைவிட்டு அழைத்துக்கொண்டு போனார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது. லீக் ஆட்டம் ஒன்றில் இதே கோல் விழுந்திருந்தால் வாக்குவாதத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம் இருக்கிறது என்ற எண்ணமே ஆத்திரத்தைத் தணித்திருக்கும்.

கபடிக்கு வருவோம். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் கால்பந்தைவிடக் கபடிக்கும் கைப்பந்துக்கும்தான் வேர் அதிகம். புரோ கபடியில் 12 அணிகளில் ஆறு பிளே-ஆஃபுக்குப் போகும் முறை இருந்தபோது, 2022இல் தமிழ் தலைவாஸ் ஐந்தாவதாக முடித்து, வரலாற்றில் முதல் முறையாக உள்ளே நுழைந்தது. யு.பி. யோதாஸ் அணியோடு ஆட்டம் 36–36 என்று சமனில் நின்றது. டை-பிரேக்கரில் 6–4 என்று வென்று அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் 39–37 என்று, இரண்டே புள்ளிகளில் தோற்றது. நான்கு அணி முறை இருந்திருந்தால் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அந்த இரண்டு இரவுகளும் கிடைத்திருக்காது. 2025இல் அந்த வாசல் எட்டு அணிகளாக அகன்றது. பன்னிரண்டில் எட்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அந்த அளவுக்குப் போன பிறகு உள்ளே வந்ததை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வெளியே நின்றால்தான் அது செய்தி.

கல்லூரி விளையாட்டில் பெரிய விரிவாக்கம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அங்கே ஃபுட்பால் என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆனாலும் நமக்கான பாடம் அதிலும் இருக்கிறது. 2014 முதல் 2023 வரை நாடு முழுவதிலிருந்தும் நான்கே கல்லூரி அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுத்தது. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் தோற்காமல் தன் பிரிவின் பட்டத்தையும் வென்றது. அதன் முதன்மை வீரர் காயமடைந்திருந்த நிலையில் குழு அந்த அணியை நான்கில் சேர்க்கவில்லை. ஓர் ஆட்டம்கூடத் தோற்காத மாணவர்களுக்கு ஆடிக் காட்ட இடம் தரவில்லை. அடுத்த ஆண்டே 12 அணி முறை வந்தது. அந்த முதல் ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட் இரண்டு ஆட்டங்களைத் தோற்றிருந்தது. அதில் ஒன்று, சொந்த மைதானத்தில் பரம எதிரியான மிச்சிகனிடம் 13–10 என்று வாங்கிய அடி. குழுவின் வரிசையில் ஆறாம் இடம். பழைய முறையில் கதை அங்கேயே முடிந்திருக்கும். புதிய முறையில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34–23 என்று வீழ்த்தி அது நாட்டின் சாம்பியனானது. அதே ஆண்டு முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போன நான்கு அணிகளும் அங்கேயே தோற்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வு கிடைத்தவர்கள் விழுந்தார்கள், கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடிவந்தவர்கள் நின்றார்கள்.

அந்த அமெரிக்கக் கல்லூரி அணி பிளே-ஆஃபைத் தொடும் முன் 12 ஆட்டங்கள் ஆடியிருக்கும். சென்னையின் எஃப்.சி. 22. தமிழ் தலைவாஸும் 22. நான்கா, ஆறா, பன்னிரண்டா என்று இவர்கள் வாதாடும் இறுதிச் சுற்று, ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு சீசனின் மேல் எழுப்பும் மாடி. நல்லம்பள்ளி மாணவனுக்கு அஸ்திவாரமே இல்லை.

அவன் ஆடும் பாதையைப் பார்க்கலாம். கலை, அறிவியல் கல்லூரியில் படித்தால் அவனுடைய கல்லூரி பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். 1997இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்கள். பொறியியல் மாணவன் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். அதில் கண்ணில் படுபவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரியின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மோதும் களம் அது. ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் முதல் நான்கு அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தகுதி பெறும்.

இந்தப் பாதையின் உச்சியிலும் ஒரு விரிவாக்கம் நடந்திருக்கிறது. 2020இல் புவனேஸ்வரில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் தொடங்கின. அகில இந்தியப் போட்டியில் முதல் எட்டு இடங்களைப் பிடிக்கும் பல்கலைக்கழக அணிகளுக்கு அதில் இடம் உண்டு. முன்பெல்லாம் அகில இந்தியக் காலிறுதியில் தோற்ற அணிக்கு அத்தோடு ஆண்டு முடிந்துவிடும். இப்போது அந்த அணிக்கும் இன்னொரு களம், தேசிய அளவில் இன்னொரு மேடை. கோழிக்கோடு, கோட்டயம் போன்ற கால்பந்து மண்ணின் பல்கலைக்கழகங்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் தென்மண்டலப் போட்டி எப்படி நடக்கிறது? தொடக்கச் சுற்றுகள் எல்லாம் நாக்-அவுட். தோற்றால் வெளியே. கடைசி நான்கு அணிகள் எஞ்சிய பிறகு, அந்த நான்கும் ஒன்றோடொன்று லீக் முறையில் ஆடும். இந்த முறையின் நியாயத்தை யோசித்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே நான்கைந்து ஆட்டம் வென்று வந்த அணிகளுக்கு மேலும் மூன்று ஆட்டம் உறுதி. முதல் சுற்றில் தடுமாறிய அணிக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. ஆட்டம் அதிகம் தேவைப்படுவது யாருக்கோ அவர்களுக்கே அது மறுக்கப்படுகிறது. நேரமும் மைதானமும் செலவும் குறைவு என்பதால் இப்படி அமைத்திருக்கிறார்கள். காரணம் புரிகிறது. விளைவு என்னவோ, வலுவானவர்கள் ஆடி ஆடி வலுவாகிறார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கும் ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். உடற்கல்வி இயக்குநர் முந்தைய நாளே ஆன் டியூட்டி கடிதம் வாங்கி வைத்திருப்பார். பதினைந்து, பதினாறு பேர் நகரப் பேருந்தில் ஏறி வருவார்கள். ஜெர்சி எல்லாம் ஒரே பையில் இருக்கும், துவைத்தும் துவைக்காமலும். ஷின் கார்டு எல்லோருக்கும் இருக்காது. மாற்று ஆட்டக்காரன் இறங்கும்போது வெளியே வருபவன் கழற்றிக் கொடுப்பான். சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு, முதல் ஆட்டத்திலேயே கால் பட்டுக் கலைந்திருக்கும். நேரம் போதாது என்று ஆட்டத்தின் பாதியை 25 அல்லது 30 நிமிடமாகக் குறைத்து நடத்துவதும் உண்டு. குலுக்கலில் சீட்டு எடுக்கும்போது எல்லோரும் எதிர்பார்ப்பது ‘பை’ (ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) விழுமா என்றுதான். விழாவிட்டால், சென்ற ஆண்டு வென்ற கல்லூரியோடு முதல் ஆட்டமே அமையலாம். பத்தாவது நிமிடத்தில் கோல்கீப்பர் ஒரு பந்தை நழுவவிடுகிறான். அதற்குப் பிறகு எல்லோரும் முன்னே ஏறி ஆட, இரண்டாவதும் விழுகிறது. பதினோரு மணிக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்கிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவனுக்குக் கல்லூரிக் கால்பந்து அதோடு முடிந்தது. அவன் மூன்று ஆண்டுகளில் ஆடிய போட்டி ஆட்டங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நாக்-அவுட்டின் கணக்கு இரக்கமற்றது. 16 அணிகள் கலந்துகொண்டால் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடும். நான்கு அணிகள் இரண்டு. ஆக, வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சீசன் என்பது ஒற்றை ஆட்டம். அணிகளின் எண்ணிக்கையை 32 ஆக்கினாலும் இந்த விகிதம் மாறாது. 16 அணிகள் ஒரே ஆட்டத்தோடு திரும்பும். கலந்துகொள்பவர்களின் எண்ணிக்கை இரு மடங்காகும், ஆனால் ஓர் அணிக்கு உறுதியான ஆட்டம் ஒன்று ஒன்றாகவே இருக்கும்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது. பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என்று ஐந்து பிரிவுகளில் நடக்கும் அந்தப் போட்டிகளின் வளர்ச்சி அசாதாரணமானது. 2023இல் சுமார் 3.7 லட்சம் பேர். 2024இல் பதிவு செய்தவர்கள் 11 லட்சத்துக்கு மேல். 2025இல் 16 லட்சத்துக்கும் மேல். 2024இல் மொத்தப் பரிசுத் தொகை 36 கோடி ரூபாய். மாநில அளவில் குழு ஆட்டத்தில் முதலிடம் பெறும் அணியின் ஒவ்வொரு வீரருக்கும் 75,000 ரூபாய். தருமபுரி போன்ற மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் விளையாட்டைப் பார்க்கும் பார்வையையே அது மாற்றியிருக்கிறது. 2024இல் தொடங்கிய ‘கலைஞர் விளையாட்டுத் தொகுப்பு’ திட்டத்தில் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுப் பொருட்கள் கொடுக்க ஏற்பாடானது. பந்தே இல்லாத ஊர்களுக்குப் பந்து போய்ச் சேர்ந்தது.

இவை அனைத்தும் நல்ல காரியங்கள், மனமாரச் சொல்கிறேன். ஆனால் இந்த விரிவாக்கம் முழுவதும் வாசலில் நடந்தது. எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பது பெருகியது. வந்தவர் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பது பெருகவில்லை. 38 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஓர் அணி, அந்த ஓர் அணியைக் கண்டுபிடிக்க சில நாள் போட்டிகள். லட்சக்கணக்கானவர் பதிவு செய்யும்போது சில நாட்களில் முடிக்க வேண்டுமானால் நாக்-அவுட்டைத் தவிர வழியில்லை. பதிவு எண்ணிக்கை ஏற ஏற, முதல் சுற்றோடு திரும்புபவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு ஏறும்.

மேல்வாசலை அகலப்படுத்தினால் மட்டும் அணி உருவாகிவிடாது என்பதற்கு இந்தியக் கால்பந்தே சான்று. ஆசியக் கோப்பை 2019இல் 16 அணிகளிலிருந்து 24 ஆக விரிந்தது. அதன் பலனாக இந்தியா 2019லும் 2023 பதிப்பிலும் ஆடியது. அடுத்த பதிப்பான 2027க்கும் அதே 24 இடங்கள்தான். 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2–1 என்று தோற்று இந்தியா அந்த வாய்ப்பை இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. 2026 உலகக் கோப்பையில் 32 அணிகள் 48 ஆகின. ஆசியாவின் நேரடி இடங்கள் நான்கிலிருந்து எட்டாக, இரு மடங்காயின. அதிலும் இந்தியா 2024 ஜூனில் இரண்டாவது தகுதிச் சுற்றோடு நின்றது. வாசலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அதுவரை நடந்து வரக் கால் வேண்டும்.

ஐ.எஸ்.எல்.லுக்கும் அதே பாடம் கசப்பாக வந்து சேர்ந்தது. ஒளிபரப்பு, வணிக உரிமை தொடர்பான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்து என்ன என்று தெளிவாகாத நிலையில், 2025 செப்டம்பர் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய சீசன் 2026 பிப்ரவரி வரை தள்ளிப்போனது. 14 அணிகள், ஒன்றோடொன்று ஒரே முறை, ஆளுக்கு 13 ஆட்டம் என்று சுருங்கியது. பிளே-ஆஃபில் நான்கா ஆறா என்று வாதாடிக்கொண்டிருந்த லீக்கில் திடீரென்று சீசனே கேள்விக்குறியானது. தொழில்முறை வீரர்களும் பயிற்சியாளர்களும் அந்த மாதங்களில் எங்களை ஆடவிடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நல்லம்பள்ளி மாணவன் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும் நிலைக்கு அவர்கள் ஓர் ஆண்டு வந்து நின்றார்கள்.

எதிர்பார்ப்பு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீசன் தொடக்கத்தில் ரசிகனும் வீரனும் வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பு, நீண்ட சீசனில் வாராவாரம் திருத்தப்படும். சென்னையின் எஃப்.சி. 2015இல் பாதிக்கு மேல் சீசன் முடிந்தபோது பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு எழுந்து மூன்றாவதாக முடித்து, டிசம்பர் 20 அன்று கோவாவை 3–2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2019-20இல் நான்காவதாக முடித்து இறுதிப் போட்டி வரை போனது. பாதியில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஓவன் கோயல் அந்த அணியைத் திருத்தியெடுத்தார். தோல்வியிலிருந்து கற்றுத் திருத்திக்கொள்ள அங்கே அவகாசம் இருந்தது. அதே அணி 2024-25இல் பிளே-ஆஃப் கனவோடு தொடங்கிப் பதினோராம் இடத்தில் முடித்ததும் உண்மை. மேலே போவதும் கீழே விழுவதும் ஆடித்தான் நடந்தது. ஒற்றை ஆட்டச் சீசனில் எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை, குலுக்கல் சீட்டுக்குத்தான் இடம். மாணவர்கள் ‘பை’ விழுமா என்று வேண்டிக்கொள்வது அதனால்தான். ஆட வந்தவர்கள் ஓர் ஆட்டம் குறையட்டும் என்று வேண்டும் நிலையை நாம்தான் ஏற்படுத்தி வைத்திருக்கிறோம்.

ஊர்த் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடியும் நாக்-அவுட்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் கபடி அணி ஒரு பொங்கல் வாரத்தில் நான்கு ஊர்களில் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும். ஓர் ஊரில் முதல் சுற்றில் தோற்றால் அடுத்த ஊரில் ஆடிப் பார்த்துக்கொள்ளும். போட்டிகள் பலவாக இருப்பதால் அதற்கு ஒரு சீசன் தானாகவே அமைந்துவிடுகிறது. நம் மண்ணில் கபடி தழைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தருமபுரிப் பக்கத்துக் கல்லூரிக் கால்பந்துக்கு அப்படிப்பட்ட ஊர் வழக்கம் இல்லை. அதை அமைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அமைப்பது முடியாத காரியமும் அல்ல. தருமபுரி மாவட்டத்தில் 16 கல்லூரி அணிகள் சேர்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு நான்காகப் பிரித்து லீக் ஆடினால் 24 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. ஒரே மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் நாளுக்கு இரண்டு ஆட்டம் என்றால் ஆறு வாரம். பிரிவில் முதலிடம் பெறும் நான்கு அணிகளுக்கு அரையிறுதி வைத்தால் இறுதிப் போட்டியோடு சேர்த்து மேலும் மூன்று ஆட்டம். முதல் இரண்டு இடங்களைப் பெறும் எட்டு அணிகளுக்குக் காலிறுதி வைத்தால் மேலும் ஏழு. விரிவாக்கம் நியாயம் பெறும் இடம் இங்கேதான். முதல் ஆட்டத்தைத் தோற்ற அணிக்குப் பிரிவில் இரண்டாம் இடம் எட்டும் தூரத்தில் இருக்கும். கூடுதல் செலவு நான்கே ஆட்டங்கள். பன்னிரண்டில் எட்டு என்று அளவு மீறாமல் பதினாறில் எட்டு என்று நிறுத்திக்கொண்டால் உள்ளே வருவதற்கும் மதிப்பு இருக்கும்.

காலமும் கணிக்கக்கூடியதே. கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறக்கின்றன. தருமபுரியில் செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். நவம்பரில் பருவத் தேர்வு. ஆகவே ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரையிலான வாரங்கள்தான் தோதானவை. அதற்குப் பிறகு பல்கலைக்கழகப் போட்டியும் தென்மண்டலப் போட்டியும் வரும்போது, ஆடிப் பழகிய கால்களோடு மாணவர்கள் போவார்கள். தேர்வாளர்களும் ஒரு வீரனை ஒரு காலைப் பொழுதின் அதிர்ஷ்டத்தை வைத்து எடைபோட வேண்டியிருக்காது.

பணம் பெரிய தடையாகாது. வேண்டியவை ஒரு மைதானம், மூன்று நடுவர்கள், நல்ல பந்து, பேருந்துச் செலவு, முதலுதவிக்கு ஓர் ஆள். மாநில அளவில் கோடிகளில் பரிசு வழங்கும் அரசுக்கு, மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி லீக் நடத்துவது பாரம் அல்ல. மாவட்ட விளையாட்டு அலுவலகமும் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையும் கல்லூரி முதல்வர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்றையே கல்லூரிப் பிரிவில் மட்டும் லீக்காக மாற்றிப் பார்க்கலாம். பெண்கள் அணிகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் என்பதால் அங்கே லீக் நடத்துவது இன்னும் எளிது. ஐந்து அணிகள் வந்தால் பத்தே ஆட்டங்களில் ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம் கிடைத்துவிடும். தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம் என்பேன்.

நல்லம்பள்ளியிலோ, பாலக்கோட்டிலோ, பென்னாகரத்திலோ உங்கள் பிள்ளை கல்லூரி அணியில் ஆடுகிறான் அல்லது ஆடுகிறாள் என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கல்லூரி முதல்வரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை பரிசு வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டாம். இந்த ஆண்டு நம் அணி எத்தனை ஆட்டம் ஆடும் என்று கேளுங்கள். மூன்றுக்குக் குறைவாக விடை வந்தால், மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். ஜூலைக்கு முன்னால் எழுதுங்கள்.